தினமும் பதிவு போட்டும் பெயர் நிற்கவில்லை. பிளாக் தொடங்கினால் மாறுமா?

கேள்வி: ஜனவரி 9, 2024, மாலை

வீட்டுச் செடி வளர்ப்பு பற்றி 11 மாதமாகத் தினமும் வீடியோ போடுகிறேன். நான்கு சமூகத் தளங்கள். எல்லாவற்றிலும் ஒரே லோகோ, ஒரே பச்சை, ஒரே தொடக்க இசை. மொத்தம் 7,200 ஃபாலோயர்கள். ஒரு ரீல் 3 லட்சம் பார்வை தாண்டியது. நேற்று நண்பர் வீட்டில் ஒருவர் அந்த ரீலை என்னிடமே காட்டி, "யாரோ நன்றாகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்" என்றார். குரல் என்னுடையது, கை என்னுடையது. அவருக்குத் தெரியவில்லை. விடாமல் போடு, ஒரே தோற்றம் வை, பிராண்ட் தானாக வரும் என்றார்கள். இரண்டையும் செய்துவிட்டேன். பிளாக் எழுதினால் ஏதாவது மாறுமா? அல்லது அதன் காலம் முடிந்துவிட்டதா?

பதில்: ஜனவரி 9, இரவு 11.40

அந்த 3 லட்சம் பேர் உங்களைத் தேடி வரவில்லை. செயலி கொண்டுபோய்க் காட்டியது, பார்த்தார்கள், விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவது போல.

பிராண்ட் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல் உண்டு. எத்தனை பேர் உங்கள் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டி வருகிறார்கள்? சொந்த வலைத்தளம் இருந்தால், எந்தச் சொல்லைத் தேடி ஆள் வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் இது தெரியும், காசு கிடையாது. சொந்தத் தளம் இல்லாதவருக்கு முழுதாகத் தெரிந்துகொள்வது கடினம்.

நான் தையல் மெஷின் பழுது பார்ப்பவன். பல வருடமாக அதைப் பற்றி எழுதுகிறேன். என் அபிப்பிராயம்: நான்கில் மூன்று தளங்களை மூடுங்கள், நாலாவதையும் மறந்துவிடுங்கள், பிளாக் எழுதுங்கள். தினமும் வேண்டாம், வாரம் ஒன்று போதும்.

ஜனவரி 11

"உங்கள் பெயரை எத்தனை பேர் தட்டுகிறார்கள்?" என்று கீழே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வாய் இருக்கிறதே என்று பேசிவிட்டேன், இன்று போய்ப் பார்த்தேன்.

போன மாதம் பெயரைத் தட்டி வந்தவை 64 கிளிக். அதில் சில என்னுடையவையாகவே இருக்கும், கடன் வாங்கிய போனில் என் தளத்தை நானே தேடித் திறக்கும் பழக்கம் உண்டு. மீதிப் பேரில் பெரும்பாலோர் வருவது ஒரே பக்கத்துக்கு: துணியின் அடியில் நூல் கூடு மாதிரி சிக்கிக்கொள்வது ஏன் என்ற கட்டுரை. மொத்த வருகையில் பாதிக்கு மேல் அதற்குத்தான். வருகிறவருக்குப் பிரச்சினை தெரிகிறது, தீர்வு கிடைக்கிறது, போய்விடுகிறார். நான் யார் என்று பார்ப்பவர் சொற்பம். அதாவது, உங்கள் ரீல் கதையேதான் எனக்கும், எழுத்து வடிவில்.

அந்தக் கட்டுரை எப்படி வந்தது என்று யோசித்தேன். முதல் 14 மாதம் என் பிளாக்கில் ஈ ஓட்டினேன். மெஷின்களின் வரலாறு, என் தத்துவம், உலோகத்தின் அழகு என்று எழுதினேன். படித்தது என் தங்கை, அதுவும் கட்டாயத்தின் பேரில். அப்புறம் ஃபேஸ்புக்கில் ஒரு தையல் குழுவில் சேர்ந்தேன். அங்கே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "நூல் கீழே சிக்குது, பாபினை மாத்தியாச்சு, போகலை." 19 முறை பதில் சொன்னேன் (எண்ணினேன், எரிச்சலில் எண்ணும் குணம்). குற்றம் பாபினில் (அடிநூல் சுற்றிய உருளையில்) இல்லை, அநேகமாக மேல்நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை (பிரஷர் ஃபுட்) இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோர்த்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையில் போய் உட்காராது, பிடிமானம் இல்லாமல் அடியில் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோர்த்தால் சரியாகிவிடும். 20ஆவது முறை தட்டச்சு செய்ய முடியாமல் பிளாக்கில் ஒரே தடவையாக எழுதி, குழுவில் லிங்க் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஆகவே முந்தாநாள் சொன்ன "மறந்துவிடுங்கள்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் குழு இல்லையென்றால் அந்தக் கட்டுரை இல்லை. கேள்வி எங்கே கேட்கப்படுகிறதோ அங்கே காது இருக்க வேண்டும். மூன்று தளத்தை மூடச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை, நான்கு இடத்தில் காது வைக்க ஆளுக்கு நான்கு காது இல்லை.

ஜனவரி 12

திருத்தம். சர்ச் கன்சோல் எல்லாத் தேடல் சொற்களையும் காட்டாது, மிகச் சிலரே தட்டும் சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். எனவே 64 என்பது குறைந்தபட்சம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜனவரி 20

"இன்று ஏன் பிளாக்? எல்லோரும் இருக்கும் இடத்தில் இருந்தால் போதாதா?" என்ற கேள்விக்கு.

எல்லோரும் இருக்கும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009இல் மூடினார்கள். பிளாக் படிப்பவர்கள் குடியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போயிற்று. ஃபேஸ்புக்குக்கு முன் நம் ஊரில் கூட்டம் கூடிய ஆர்குட் 2014 செப்டம்பரில். ஆறு விநாடி வீடியோவில் நட்சத்திரமானவர்களுக்கு வைன் இருந்தது, 2017 தொடக்கத்தில் அதுவும் நின்றது. கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில். பாட்டுக்காரர்கள் கூடிய மைஸ்பேஸ் மூடக்கூட இல்லை. 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களில் பெரும்பகுதி சர்வர் மாற்றத்தில் தொலைந்துவிட்டது என்று 2019இல் தெரியவந்தது. இடம் இருந்தது, உள்ளே வைத்த சாமான் இல்லை.

மூடாமலேயே இடம் மாறுவதும் உண்டு. இன்ஸ்டாகிராமில் நேர வரிசையில் வந்த பதிவுகள் 2016இல் அல்காரிதம் வரிசைக்கு, அதாவது செயலியே தேர்ந்தெடுக்கும் வரிசைக்குப் போயின. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை, பக்கங்களுக்குக் குறைவு என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஃபாலோயர் எண்ணிக்கை அப்படியே நிற்க, போய்ச் சேர்வது மட்டும் சரிந்தது. ஃபாலோயர் என்றால் நீங்கள் கூப்பிட்டால் வருபவர் என்று அர்த்தமில்லை, கூப்பிடுவதற்கு அனுமதி இன்னொருவரிடம் இருக்கிறது.

சொந்தத் தளம் சொந்த வீடு, மற்றவை வாடகை வீடு என்ற உவமையை இங்கே நான் சொல்லப் போவதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதோடு அடுத்த குறிப்பைப் படித்தால் எனக்கு அதைச் சொல்லத் தகுதி இல்லை என்பது தெரியும்.

ஜனவரி 20, சற்று நேரம் கழித்து

2019இல் என் தளம் இரண்டு வாரம் இல்லாமல் போனது. எந்த நிறுவனமும் மூடவில்லை. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரைப் புதுப்பிக்க மறந்தேன். கார்டு காலாவதி, தானாகப் பணம் எடுக்க முடியவில்லை. நினைவூட்டல் கடிதங்கள் வந்தன, ஆனால் எங்கே? அதே டொமைனில் தொடர்புக்கென்று நான் உருவாக்கிய, நான் திறந்தே பார்க்காத மின்னஞ்சல் முகவரிக்கு. பெயர் காலாவதியானதும் அந்தப் பெட்டியும் சேர்ந்து போய்விட்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது என்பார்களே, அது.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு, பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம் (பதிவாளர்) நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அது கடந்தால் ஐந்து நாளில் பெயர் வெளிச்சந்தைக்கு வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குச் சொன்னது தங்கைதான்: "உன் தளத்தில் வேறென்னவோ விளம்பரம் வருகிறதே?" மீட்டேன். டொமைன் கணக்கின் முகவரி அதே டொமைனில் இருக்கக்கூடாது. இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் மூன்று கட்டுரை எழுதி லிங்க் கொடுத்திருக்கிறார். படித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வீடியோவில் பேசியதை அப்படியே எழுத்தாக இறக்கியிருக்கிறீர்கள். "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம ஒரு சூப்பரான விஷயம் பார்க்கப் போறோம்." வீடியோவில் அந்த நான்கு விநாடியில் உங்கள் முகம் தெரியும், குரல் கேட்கும், அதனால் செல்லும். எழுத்தில் அது வெறும் தூசு. விஷயம் ஐந்தாவது பத்தியில் வருகிறது. அதுவரை யார் இருப்பார்?

தலைப்பு: "செடிகளின் ஆரோக்கியத்தில் ஈரப்பதத்தின் பங்கு." உங்கள் ரீலின் கீழே மக்கள் கேட்பது என்ன தெரியுமா? நான் போய்ப் பார்த்தேன். "இலை நுனி கருகுது, தண்ணி ஜாஸ்தியா கம்மியா?" 22 பேர் ஏறக்குறைய இதே வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கட்டுரை அங்கேயே கிடக்கிறது. கேட்டவருடைய வார்த்தையையே தலைப்பாக வையுங்கள். உள்ளே, தண்ணீரால் வரும் கருகலையும் மண்ணில் உப்புச் சேர்ந்து வரும் கருகலையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று உங்கள் கையில் செத்த செடிகளை வைத்து எழுதுங்கள். செத்த செடி உங்களிடம் நிச்சயம் இருக்கும். நான் கெடுத்த மெஷின்கள் என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, என் நல்ல கட்டுரைகள் எல்லாம் அந்த அலமாரியிலிருந்து வந்தவை.

இன்னொன்று. ஒரே கட்டுரையை வேறு தளத்திலும் போடுவதில் தவறில்லை. உங்கள் தளத்தில் முதலில், பிறகு வெளியே, அங்கிருந்து மூலத்துக்கு லிங்க். வெளித்தளத்தில் வசதி இருந்தால் கெனானிகல் குறியைச் சேருங்கள். "இதன் மூலப் பக்கம் அதோ" என்று தேடுபொறிக்குக் கைகாட்டும் குறி அது, 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. இல்லையென்றால் பெரிய தளத்தில் இருக்கும் நகல் மேலே வந்து, எழுதியவர் கீழே தள்ளப்படலாம். எனக்கு நடந்தது.

பிப்ரவரி 6

மின்னஞ்சல் பட்டியல் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. ஆம், வையுங்கள். என்னிடம் 410 முகவரிகள். சின்னப் பட்டியல், ஆனால் கடிதம் போட்டால் பத்துப் பதினைந்து பேர் பதில் எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஃபாலோயர்களில் அது நடப்பதில்லை. கோப்பாக இறக்கி இன்னொரு சேவைக்கு எடுத்துப் போகலாம் என்பது பெரிய விஷயம். ஃபாலோயர்களை அப்படி மூட்டை கட்ட முடியாது. பல சர்வர்களாகப் பிரிந்து இயங்கும் மாஸ்டடான் போன்ற சில சமூகத் தளங்களில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபாலோயர்களைக் கூட்டிப் போகலாம், அங்கேயும் பழைய பதிவுகள் கூடவே வராது.

இந்த மாதம் முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பாம்தான். பயப்பட வேண்டாம், டொமைன் அமைப்பில் சில வரிகள் சேர்ப்பதுதான்.

பிப்ரவரி 9

மேலே சொன்னதில் பாதி தப்பு. மூன்றும் கட்டாயம் என்பது ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு. நம்மைப் போன்ற சில்லறைகளுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். திருத்தியவருக்கு நன்றி. எனக்கு 5,000 கடிதம் போகும் நாள் வந்தால் அன்று மூன்றையும் அமைத்து எல்லோருக்கும் விருந்து வைக்கிறேன்.

மார்ச் 2

ஃபாலோயர் வாங்கலாமா என்று கேட்டவருக்கு மட்டும். நான் வாங்கியிருக்கிறேன். 2016இல், 2,000 பேர். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் நாள் இனித்தது. அப்புறம் என் பதிவுகள் உண்மையான ஆட்களுக்கே போய்ச் சேராமல் நின்றுவிட்டன. காரணம் எளிது: பதிவைப் பார்த்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்து யாருக்குக் காட்டுவது என்று கணக்குப் போடுகிறார்கள். வாங்கிய பொம்மைகள் லைக் போடாது, கேள்வி கேட்காது, சேமித்து வைக்காது. 2,000 பேர் என் பதிவைப் பார்த்துக் கொட்டாவி விட்டதாகக் கணக்கு. ஒவ்வொன்றாக நீக்க ஒரு மாதம் ஆயிற்று. வாங்கியதைவிட நீக்கத்தான் அதிகம் செலவானது, உட்கார்ந்த நேரத்தைக் கணக்கிட்டால்.

மார்ச் 3

இல்லை, எந்தச் சேவை என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 14

பெயரும் லோகோவும். இரண்டு வாரமாக இங்கே இதே சண்டை.

என் தளத்துக்குப் பெயர் வைக்க மூன்று வாரம் எடுத்தேன். கம்பீரமான பெயர், வடமொழி வாடை வேறு. லோகோவை நான்கு முறை மாற்றினேன். மாற்றியதை ஒரு ஆள்கூடக் கவனிக்கவில்லை, தங்கை உட்பட. தங்கைக்கு வடிவமைப்புதான் தொழில்.

உபயோகமான ஒரே விஷயம்: எல்லாத் தளத்திலும் ஒரே ஹேண்டில் (பயனர்பெயர்) கிடைக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், நீங்கள் போகாத தளத்திலும் எடுத்துப் போட்டு வையுங்கள். ப்ளூஸ்கை என்ற சமூகத் தளத்தில் சொந்த டொமைனையே ஹேண்டிலாக வைக்கலாம், அது மிகவும் பிடித்தது. சொந்தப் பெயரா நிறுவனப் பெயரா என்றால், ஒருநாள் விற்கும் எண்ணம் இருந்தால் நிறுவனப் பெயர். என் பெயரை யார் வாங்கப் போகிறார்கள்?

ஜூன் 23

இது கொஞ்சம் நீளம்.

போன வாரம் ஒரு பெண்மணி கடிதம் எழுதினார். ஊசியின் தட்டைப் பக்கம் எப்போதும் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று நான் கட்டுரையில் எழுதியிருந்தேன். அவருடையது பழைய மெஷின், தட்டைப் பக்கம் பக்கவாட்டில் வரும் அமைப்பு. என்னை நம்பி ஊசியைத் திருப்பி மாட்டி, தையல் விட்டு விட்டுப் போகிறதே என்று இரண்டு நாள் போராடி, மெஷினே கெட்டுவிட்டதாக நினைத்திருக்கிறார். "எப்போதும்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. பல மெஷின்களில் பின்னால், சில பழையவற்றில் பக்கவாட்டில். எனக்கு இது தெரியும். தெரிந்தே சோம்பலில் எழுதினேன்.

முதலில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று கை போயிற்று. மாற்றியும் விட்டேன், உண்மையைச் சொன்னால். இரவு தூக்கம் வரவில்லை. அதே தப்பைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பழைய வரியைக் கோடு போட்டு அடித்தபடி திரும்ப வைத்து, மேலே தேதியுடன் திருத்தக் குறிப்பு எழுதினேன். ஊசி மாட்டும் பகுதியை நான்கு படங்களோடு புதிதாக எழுதினேன். 410 பேருக்கும் கடிதம் போட்டேன்: நான் தப்பாகச் சொன்னேன், உங்கள் மெஷினைப் பாருங்கள்.

எட்டு வருடத்தில் அவ்வளவு பதில்கள் வந்ததில்லை. 63. பாதி பேர் தங்கள் மெஷினின் ஊசிப் படத்தை அனுப்பினார்கள். அதில் எனக்கே தெரியாத இரண்டு அமைப்புகள். இப்போது அவற்றுக்கும் ஒரு கட்டுரை. அந்தப் பெண்மணி மட்டும் பதில் போடவில்லை. நியாயம்தான்.

இதை "தப்பு செய்தால் ஃபாலோயர் கூடும்" என்று யாரும் உத்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழே ஒருவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஜூன் 24

எட்டு வருடம் இல்லை, கடிதப் பட்டியல் தொடங்கி ஆறு வருடம். தேதியுடன் திருத்தம், பாருங்கள், பழகிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

தினமும் போட முடியவில்லை, சோர்வாக இருக்கிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். போடாதீர்கள். நான் ஜூலை முழுக்க எதுவும் எழுதவில்லை. நூல் கட்டுரைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், நான் தூங்கும்போதும். ரீலுக்கு ஆயுள் சில நாள், பதில் சொல்லும் பக்கத்துக்கு ஆயுள் அந்தக் கேள்வி இருக்கும் வரை. தையல் மெஷின் இருக்கும் வரை யாராவது பாதத்தை இறக்கி வைத்துத்தான் நூல் கோர்க்கப் போகிறார்கள்.

அக்டோபர் 19

கேள்வி கேட்டவரின் புதிய கணக்கு: ஃபாலோயர்கள் 6,900, அதாவது 300 குறைவு. "இலை நுனி கருகுது" பக்கத்துக்குத் தினமும் ஆள் வருகிறது. பட்டியலில் 87 பேர். ஒருவர் தன் செடியின் படத்தை அனுப்பி, பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். லோகோவை மாற்றலாமா என்று கடைசி வரியில் மறுபடியும் கேட்கிறார். மாற்றுங்கள், எனக்கென்ன.

நவம்பர் 3

நேற்று அந்தப் பழைய தையல் குழுவுக்குள் பல மாதம் கழித்துப் போனேன். யாரோ புதியவர், நூல் கீழே சிக்குது என்று கேட்டிருந்தார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் எழுதிவிட்டார்: "பாதத்தைத் தூக்குங்க. அதுக்கு ஒருத்தர் இருக்கார், பாதம்தூக்கி, தேடிப் பாருங்க வரும்."

பாதம்தூக்கி. மூன்று வாரம் யோசித்து வைத்த கம்பீரமான பெயர் அவருக்கு நினைவில் இல்லை. கீழே நான்கு பேர் "ஆமா அவர்தான்" என்று சொல்லியிருந்தார்கள்.

தேடிப் பார்த்தேன், வரவில்லை. என் தளத்தில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. ராத்திரியே பயோவில் (என் அறிமுகக் குறிப்பில்) சேர்த்தேன், அந்தப் பெயரில் டொமைனையும் வாங்கிவிட்டேன். கணக்கின் மின்னஞ்சல் முகவரியை இரண்டு முறை சரிபார்த்தேன்.